வேரோடு வந்த விறகு

நமுனுகுலவிலிருந்து வரும் மத்தியான பஸ்ஸில் வெள்ளிக்கிழமை தவறாமல் விதுஷாவுக்கு ஒரு கட்டு கொய்யா விறகு வரும். கண்டக்டர் அதைப் பின்கதவு வழியாக இறக்கிவிட்டு, பதுளை பஸ் நிலையம் முழுக்கக் கேட்கும்படி, "அக்கோவ், அப்பாவோட சீதனம் வந்திருக்கு, எடுத்துக்கங்க!" என்று கூப்பிடுவார். முதலில் விதுஷாவுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு அந்தச் சத்தத்துக்காகவே வெள்ளிக்கிழமையை எதிர்பார்க்க ஆரம்பித்தாள்.

உண்மையில் அது சீதனம்தான். யாழ்ப்பாணத்துப் பையனைக் கட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போன மகளோடு இராமையா முகம் கொடுத்துப் பேசியதில்லை. கலியாணத்துக்கு வந்தார், ஓரமாக நின்றார், சாப்பிடாமல் போய்விட்டார். "அவங்க வீட்டுல நம்மள எங்க ஒக்கார வைப்பாங்கன்னு எனக்குத் தெரியும்" என்று பக்கத்தில் நின்ற யாரிடமோ சொன்னாராம். அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. அந்த மௌனத்தை உடைத்தது பன்றியிறைச்சி.

விதுஷா எல்ல என்கிற ஊரில் ஒரு விருந்தினர் விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தபோது இறைச்சிக்குப் புகை போடக் கற்றுக்கொண்டவள். கலியாணத்துக்குப் பிறகு, பசறை வீதியில் வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்பக்கம், ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாயை அறுத்துக் கம்பி வலை போட்டுத் தானே தொடங்கினாள். பன்றிக்கும் கோழிக்கும் குறைவில்லை. விறகுதான் தலைவலி. இறப்பர் விறகு கசந்தது. தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு, கோழியின்மேல் கரியை அப்பியது. டர்பன்டைன் மரத்துண்டு போட்ட அன்று வீடே இருமல் மருந்துபோல மணத்தது. "இதைச் சாப்பிட்டால் தடிமன் மாறும். ஆனா விக்கேலாது" என்றான் அவள் கணவன் சிந்துஜன்.

பழமரம்தான் வேண்டும். வெலிமடைப் பக்கத்துப் பேரிக்காய்த் தோட்டங்களில் வெட்டிப்போட்ட கிளைகளை முதலில் சும்மா கொடுத்தார்கள். விடுதிக்காரர்களும் கேட்க ஆரம்பித்ததும் அதே கிளைக்கு இறைச்சியின் விலை வந்துவிட்டது. கடைசியில் விதுஷா பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் போட்டாள். கொய்யா, பேரி, மா விறகு நியாயமான விலைக்கு எடுக்கப்படும், பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போதும் என்று. தோட்டத்துப் பிள்ளைகள் அதைப் படம்பிடித்து ஆளுக்காள் பகிர்ந்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் கட்டு வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. ஆனால் வெட்டுமுகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆயுள் முழுக்கத் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய கைதான் ஒரே வீச்சில், மழைத்தண்ணீர் தங்காதபடி சாய்த்து, அப்படி வெட்டும்.

அன்றைக்கே போன் எடுத்தாள்.

"அப்பா, வெறகு வந்திச்சு."

"ம்."

"நல்லா இருக்குப்பா."

"கொய்யா. லயத்துக்குப் பின்னால ஒங்கம்மா நட்டது" என்றார் இராமையா. கொஞ்ச நேரம் இருமினார். "அந்தப் புள்ள திங்குதா, பன்னியெல்லாம்?"

"என்னையவிட நல்லா திங்குறாரு."

"சரி, சரி."

போனை வைத்துவிட்டு விதுஷா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மருமகனைப் பற்றி அப்பா கேட்ட முதற் கேள்வி அது.

அவளுக்கு ஒரு பயம் இருக்கத்தான் செய்தது. போன வருட மழையில், அவள் பிறந்த, ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய லயத்துக்கு மேலே மலை வாய் பிளந்தது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுச் சுவரில் சிவப்பு அடையாளம் போட்டார்கள். சனங்களைக் கீழே ஸ்டோர் என்கிற தேயிலை ஆலைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில்களில் கொண்டுபோய் வைத்தார்கள். வீடு வரும் என்றார்கள். கொட்டில்தான் இன்னும் இருக்கிறது.

"நீங்க கொட்டில்லதானப்பா இருக்கீங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"பின்ன? வெயில் ஏறுனதும் போயி நாலு கொம்ப வெட்டிக்கிட்டு எறங்கிருவேன்."

அவள் நம்பினாள். நம்ப விரும்பினாள் என்று சொல்வதுதான் சரி. விறகு நன்றாக இருந்தது. அப்பாவின் குரல் வாரத்துக்கு வாரம் இளகி வந்தது. இரண்டையும் ஒரே கட்டில் கட்டி அனுப்புகிறார் மனிதர். எதைப் பிரித்துப் பார்ப்பாள்?

ஐப்பசியில் கட்டுகள் மாறத் தொடங்கின. விரல் பருமனும் கை பருமனுமாக வந்த கிளைகள் நின்று, தொடை பருமனில் அடிமரங்கள் வந்தன. ஒரு வெள்ளிக்கிழமை கண்டக்டர் முனகிக்கொண்டே இறக்கினார். "அக்கா, அப்பாகிட்ட சொல்லுங்க, சீதனத்த கொஞ்சம் கொறைக்கச் சொல்லி. எனக்கு இடுப்பு போகுது."

சாயந்தரம் பின்பக்கத்தில் அதைப் பிளக்கப் போன சிந்துஜன் கோடாலியைக் கீழே வைத்தான்.

"இஞ்ச வாரும் விது. உம்மட அப்பா கோடாலியை எங்கயாவது துலைச்சுப்போட்டாரோ?"

"ஏன்?"

"இதை ஒருத்தரும் வெட்டேல்லை. பாரும்."

விதுஷா குந்தினாள். மேல்முனையில் அப்பாவின் வெட்டு இருந்தது. அடிமுனையில் வெட்டே இல்லை. வேர்கள் இருந்தன. அவை வெள்ளையாக, நீளமாக, பழைய கயிறு அறுந்ததுபோல் நார் நாராகத் தொங்கின. அடிமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு வெளிச்சத்தைத் தேடி மேலே திரும்பி, கைத்தடியின் பிடிபோல வளைந்திருந்தது. அவள் ஏறி விளையாடிய மரங்கள் இவை. அவை நேராக நின்ற மரங்கள்.

"காத்தில விழுந்திருக்கும்" என்றான் சிந்துஜன்.

"காத்துல சாஞ்சா வேரு மண்ணக் கட்டிப்புடிச்சிக்கிட்டு வரும்ங்க. இது அப்பிடி இல்ல." அவள் ஒரு வேரைத் தொட்டாள். வாரம் முழுக்க வெயிலாக இருந்தும் அதில் ஒட்டியிருந்த செம்மண் கூழாக இருந்தது. "மரம் நின்னுருக்கு. மண்ணுதான் போயிருக்கு. அறுந்து போற வரைக்கும் இது புடிச்சிக்கிட்டு இருந்திருக்கு."

அவள் போன் எடுத்தாள்.

"காத்துல விழுந்திச்சு பாப்பா. வெட்டுற வேல மிச்சம்" என்றார் இராமையா சந்தோஷமாக. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் 'தொம்' என்று ஒரு சத்தம். மறுபடி ஒன்று. பிறகு தரையில் மரம் உரசும் ஓசை.

"என்னப்பா அது?"

"கதவுதான். ஈரத்துக்கு உப்பிப்போச்சு. தோள் குடுத்தாத்தான் தொறக்குது."

விதுஷா போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பீப்பாய்க்குள் கோழிகள் பொன்னிறமாக மாறிக்கொண்டிருந்தன.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டான் சிந்துஜன்.

"கொட்டிலுக்குக் கதவு கெடையாதுங்க. தறப்பாள்தான் தொங்குது. மரக்கதவு லயத்துலதான் இருக்கு."

சிந்துஜன் கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞன். அந்த லயத்தில் யாருமே இல்லையென்றுதான் அவனுடைய கந்தோரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவளைக் குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஷுக்ரியிடம் போய் அவருடைய ஆட்டோவின் சாவியோடு திரும்பி வந்தான். "விடியப் போவம். இண்டைக்கு நல்லா நித்திரை கொள்ளும்" என்றான். இருவரும் தூங்கவில்லை.

பசறை தாண்டி ஏற ஏற மூடுபனி கூடவே ஏறியது. நமுனுகுல மலையின் தலை தெரியவில்லை. ஸ்டோருக்குப் பக்கத்துக் கொட்டிலில் தறப்பாளை விலக்கி எட்டிப் பார்த்த ஒரு பெண், விதுஷாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒங்கப்பாவா? அவரு ஏறிப் போயி எம்புட்டு நாளாச்சு. கடைசிக் காம்பரா ரமேசும் பொண்டாட்டியும்கூட போயிட்டாங்க. இங்க ஒக்காந்திருந்தா நீ வெறகுக்குக் காசு குடுப்பியா?"

விதுஷா, சிந்துஜன் பின்னால் வர, லயத்துக்குப் போகும் படிகளில் ஏறினாள். பாதி வழியில்தான் எது குறைகிறதென்று புரிந்தது. பீலியின் சத்தம் இல்லை. மலையிலிருந்து குழாய் வழியாக லயத்து முற்றத்தில் இரவும் பகலும் கொட்டும் தண்ணீர் அது. அவள் குழந்தையாகத் தூங்கியதும் விழித்ததும் அந்தச் சத்தத்தில்தான். இப்போது பீலியின் வாயில் காய்ந்த சேறு மட்டும் ஒட்டியிருந்தது.

லயத்தின் இரண்டு காம்பராக்களில் மட்டும் அடுப்புப் புகை. நடுக் காம்பராவின் வாசலில் இராமையா விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் கொய்யா மரங்கள் நின்ற இடத்தில் மேடு இல்லை. செம்மண் சரிவுதான் ஈரமாக மின்னியது. எஞ்சிய சில மரங்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருந்தன.

"பாப்பா!" மனிதரின் முகம் மலர்ந்தது. உடனே பதறியது. "அங்க மிதிக்காத, தள்ளி வா!"

அவள் காலைப் பின்னிழுத்தாள். முற்றத்தின் குறுக்கே, லயம் நீண்ட நீளத்துக்கு, மரச்சீவலால் கோடு போட்டதுபோல் இருந்தது.

"வெடிப்பு. வெறகு செதுக்குறப்போ விழுற தூள அதுல கொட்டுறேன்" என்றார் இராமையா, கோழிக்குத் தீனி போடுவதைப் பற்றிச் சொல்வதுபோல. "காலையில கொட்டுனா மறுநா காலையில எறங்கிப்போயிருது. ஆனா மேல தண்ணி நிக்கல, பாத்தியா?"

சிந்துஜன் வெடிப்பைப் பார்த்தான், மலையைப் பார்த்தான். "மாமா, வெளிக்கிடுங்கோ. இப்பவே" என்றான்.

"வாங்க தம்பி, மொதமொதல்ல வந்திருக்கீங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசுவோம்."

கடைசிக் காம்பராவிலிருந்து ரமேஸ் வந்தான். பின்னால் அவன் மனைவி ஜெயலெட்சுமி சேலை முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள். "அடடே, மொதலாளியம்மாவே நேர்ல வந்துட்டாங்க!" என்று சிரித்தான் ரமேஸ். சுவரோரம் அவன் அடுக்கியிருந்த விறகைத் தட்டிக் காட்டினான். "இதையும் பாருங்கக்கா. மாமா மட்டுந்தான் ஒங்களுக்குச் சொந்தமா? ஒங்க வெளம்பரத்த பாத்துட்டுத்தான் நாங்களும் ஏறுனோம்."

"ரமேசு, எறங்கிருங்க. நான் வாங்க மாட்டேன். யார்கிட்டயும் வாங்க மாட்டேன்."

"நீங்க வாங்காட்டி எல்லயில வாங்குவாங்க" என்றாள் ஜெயலெட்சுமி. கோபம் இல்லை. உள்ளதைச் சொன்னாள்.

விதுஷா அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, எனக்கு வெறகு வேணாம். புகை போடுறதையே நிப்பாட்டுறேன். வாங்க."

இராமையாவின் கை விறகின்மேல் நின்றது. "கொட்டிலுக்குப் போனா நான் வரிசையில நின்னு அரிசி வாங்குற கெழவன். இங்க இருந்தா எம்மகளுக்கு வெறகு வெட்டுறேன்." அவர் அவளைப் பார்க்கவில்லை. "இதையும் வேணாம்னுட்டியா?"

அவர் உள்ளே போனார். அவளும் பின்னால் போனாள். கதவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டாள். சாகும்வரை அம்மா படுத்திருந்த மூலையில் சம்மணம் கட்டி உட்கார்ந்தாள்.

"என்னடி இது?"

"நீங்க இருக்குறீங்க, நானும் இருக்கேன். ஒங்க மருமகன் வெளிய நிக்கிறாரு, அவரும் போக மாட்டாரு. கொள்ளி போட ஆள் இருக்காது, அவ்வளவுதான்."

"வாயக் கழுவு! ஒங்கம்மா மாதிரியே பேசுற."

"அம்மா மாதிரிதான். அம்மாவும் ஒங்கள விட்டுட்டுப் போகலையே."

இராமையா சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் நின்றார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சுமையேற்றிய லொறி ஒன்று மேட்டில் முக்கி முக்கி ஏறுவதுபோல, தூரத்தில், அடிக்குரலில். லயத்துக்கு லொறி வரும் பாதை கிடையாது. சுவரிலிருந்து சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்து அவள் மடியில் விழுந்தது. அடுப்பின்மேல் இருந்த தேத்தண்ணிப் பானை, யாரும் தொடாமலே, ஒரு விரற்கடை நகர்ந்தது.

"எந்திரி" என்றார் இராமையா.

தாழ்ப்பாள் திறந்தது. கதவு திறக்கவில்லை. அவர் தோள் கொடுத்தார். இருவரும் சேர்ந்து கொடுத்தார்கள். நிலை சாய்ந்து கதவைக் கவ்விக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் ஈரத்துக்கு உப்பியது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த கதவு. "சிந்து!" என்று கத்தினாள் விதுஷா. அப்பாவின் முன்னால் அவள் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"தள்ளி நில்லும்! சுவரோட நில்லும்!"

வெளியே சிந்துஜனும் ரமேஸும் வளைந்த கொய்யா அடிமரம் ஒன்றைத் தூக்கிக் கதவில் மோதினார்கள். பலகை பிளந்தது. அவளைக் கைப்பிடித்து இழுத்தவன், அடுத்ததாக மாமனாரைக் கட்டிப்பிடித்தே வெளியில் எடுத்தான். முற்றத்துக் கோட்டைத் தாண்டும்போது விதுஷா பார்த்தாள். மரச்சீவல் ஒன்றுகூட மேலே இல்லை. அத்தனையையும் மண் விழுங்கிவிட்டிருந்தது. உள்ளே இருட்டு தெரிந்தது.

சத்தம் நின்றுவிட்டது. மலை அப்படியே இருந்தது. ஐந்து பேரும் இறங்கினார்கள். இராமையாவின் கையில் கவ்வாத்துக் கத்தி மட்டும் இருந்தது.

ஸ்டோரடியிலிருந்து சிந்துஜன் எங்கெங்கோ போன் பேசினான். வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். ரமேஸும் ஜெயலெட்சுமியும் கொட்டிலுக்குள் போனதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் விதுஷா ஆட்டோவில் ஏறினாள். அப்பா கத்தியை மடியில் வைத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

பதுளை வீட்டில் அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் ஒரு சிறு குழப்பம். இராமையா தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனார். சிந்துஜன் மேசையின் தலைமாட்டில் இருந்த தன் கதிரையை இழுத்து வைத்தான்.

"மாமா, இஞ்ச இருங்கோ."

"அது ஒங்க எடம் தம்பி."

"எனக்கு உந்த ஸ்டூல் போதும். விது கோழி பரிமாறேக்க ஸ்டூலில இருக்கிறவனுக்குத்தான் முதல் துண்டு. உங்களுக்குத் தெரியாதே?"

அவர் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். விதுஷா பார்க்காததுபோல் ரசத்தைக் கலக்கினாள்.

விளம்பரத்தை அழித்தாள். விடுதிகளுக்குப் போன் செய்து, இப்போதைக்கு இல்லை என்றாள். பீப்பாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அவள் பக்கத்தில்தான் விளம்பரம் அழிந்தது. பகிர்ந்தவர்களின் பக்கங்களில் அது இருந்துகொண்டே இருந்தது என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் போன் அடித்தது. கண்டக்டர்.

"அக்கா, சீதனம் வந்திருக்கு. நனையுது, சீக்கிரம் வாங்க!"

விதுஷா கூடத்தைப் பார்த்தாள். அப்பா அங்கேதான் இருந்தார். சிந்துஜனின் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டை ஆட்டோவில் கொண்டுவந்து பின்வாசலில் போட்டார்கள். இராமையா குனிந்து, கயிற்றை அவிழ்க்காமலே மேல்முனையைத் தடவினார். "ரெண்டு வெட்டு, மூணு வெட்டு. கை நிக்காதவன்" என்றார் மெதுவாக. "ரமேசு."

அடிமுனையை யாரும் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வேர்கள் கட்டுக்கு வெளியே தொங்கின. நுனிகளிலிருந்து செந்நிறமாகத் தண்ணீர் வடிந்தது.

விதுஷா ரமேஸின் எண்ணை அழுத்தினாள்; இரண்டு தடவை தொடர்பு கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை மணி போனது.

"அக்கா!" ரமேஸின் குரலில் உற்சாகம். "கெடச்சிச்சா? கோவிச்சுக்காதீங்கக்கா, எல்லயில ஒருத்தரு கேட்டாரு, அவருக்கும் அனுப்பிட்டு ஒங்களுக்கும் ஒரு கட்டு போட்டேன். வெட்டவே வேணாங்க்கா. அதுஅதுவா விழுந்து கெடக்கு. பொறுக்குறதுதான் வேல."

"ரமேசு, இப்ப எங்க இருக்க?"

"மழைக்குச் சும்மா ஒதுங்கினோம். விட்டதும் எறங்கிருவோம்."

அவன் குரலுக்குப் பின்னால் 'தொம்' என்றது. மறுபடி ஒன்று.

"மெதுவா ஜெயா, கை நோகப் போகுது" என்றான் அவன் பக்கத்தில் திரும்பி. "ஒண்ணுமில்லக்கா. கதவுதான்."

"ஒடச்சிரு! ரமேசு, கேளு, கதவ ஒடச்சிட்டு வெளிய வா. எதையும் எடுக்காத. ஓடு!"

இராமையா எழுந்து வந்து, போனுக்குப் பக்கத்தில் காதை வைத்தார். மழை தகரத்தில் கொட்டியது, இங்கேயும் அங்கேயும்.

"என்னக்கா நீங்க..." என்று சிரிக்கப் போனவன் நிறுத்தினான். கேட்டுக்கொண்டிருந்தான்போல.

"லொறி ஒண்ணு ஏறி வருதுக்கா" என்றான் ரமேஸ். "இந்தப் பக்கம் எப்பிடி லொறி..."